சைலன்சருக்குள் இருந்த சமாசாரம்

பழைய ஸ்கூட்டருக்குப் பெரிய சிலிண்டர் போட்டு நானே தயாரித்த வண்டி, கொஞ்ச நாளாக இழுக்கவே இல்லை. மேம்பாலம் ஏறினால் சைக்கிள்காரர் முந்திக்கொண்டு போகிறார்.

ஞாயிறுதோறும் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து கார்பரேட்டரைக் கழற்றி மாட்டினேன். பிளக்கையும் மாற்றினேன். என் மனைவி கவிதாதான் உற்சாகமாக டார்ச் பிடித்தாள். "பாவம், எவ்ளோ கஷ்டப்படற" என்று டீயும் கொடுத்தாள்.

இன்று சைலன்சரைக் கழற்றினேன். உள்ளே பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், இறுக்கமாகத் திணிக்கப்பட்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். கவிதா டார்ச்சை அணைத்தாள்.

"வண்டி நல்லா ஓடுனப்போ சண்டே ஆனா ஃப்ரெண்ட்ஸோட நந்தி மலைக்குக் கெளம்பிடுவ. இப்ப பாரு, வீட்லயே இருக்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன். வண்டிச் சத்தத்துல உனக்குக் கேக்கல."



நாரை எடுத்துவிட்டு, அவளைப் பின்னால் உட்காரவைத்து அல்சூர் ஏரியைச் சுற்றி வந்தேன். வண்டி பறந்தது. அவள் என் தோளைத் தட்டி, "இவ்ளோதான் போகுமா?" என்றாள்.

உங்கள் வண்டியும் இழுக்கவில்லையா? மெக்கானிக்கிடம் போவதற்கு முன், வீட்டில் யாராவது அளவுக்கு மீறிச் சந்தோஷமாக இருக்கிறார்களா என்று பாருங்கள்.