கன்னிமார் மேட்டில் அவிழ்ந்த நாடா

என் மகன் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் சம்மதம் சொன்னான்.

"போய்ப் பாரு. கால் வலி, முட்டி வலின்னு வந்து உக்காந்தீன்னா அதோட சரி. அப்புறம் என்னைக் கேக்கப்படாது."

எனக்கு அவனிடம் கேட்டுப் பழக்கமில்லை. ஆனாலும் அவன் வீட்டில் இருக்கிறேன், கேட்டுக்கொண்டேன். வெள்ளகோவில் பக்கத்துக் காட்டைப் பங்காளிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு பீளமேட்டுக்கு வந்தவள் நான். இங்கே நாலாவது மாடி. நடக்க வேண்டுமென்றால் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நடக்கலாம். தொட்டியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? இரண்டாவது மாடியில் இருக்கும் அம்மணி ஞாயிறுதோறும் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே குளம், காடு, பழைய கோயில் என்று நடக்கப் போவாள். கழுத்தில் ஒரு விசில் போட்டிருப்பாள். படிக்கட்டில் அவளைப் பிடித்து, "என்னையும் கூட்டிட்டுப் போவியா?" என்று நானே கேட்டேன். அவள் என் கால்களைத்தான் முதலில் பார்த்தாள்.

"ஷூ இருக்குதுங்களா?"

இல்லை. மருமகள் வாங்கி வந்தாள். சாம்பல் நிறம், அடியில் தடித்த ரப்பர், குறுக்கும் நெடுக்குமாக நாடா. எழுபத்தி நாலு வயது வரைக்கும் என் காலில் நாடா கட்டிய எதுவும் ஏறியதில்லை. புறப்படும் காலையில் மருமகள் கீழே உட்கார்ந்து, இரண்டு காலுக்கும் இறுக்கி, முடிச்சின் மேல் முடிச்சாகப் போட்டுவிட்டாள்.

"அத்தை, நடுவுல கழட்டிப்போடாதீங்க. திரும்பக் கட்டத் தெரியாம நிப்பீங்க."

"எனக்குத் தெரியாதா? மாட்டுக்குக் கயிறு கட்டினவ நான்."

"மாடு வேறைங்க அத்தை" என்றாள்.

மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு மண் பாதையில் வேன் எங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது. அந்தப் பக்கம் சிவன் கோயிலில் வந்து நிற்கும். முடியாதவர்கள் போன் போட்டால் நடுவில் வந்து ஏற்றிக்கொள்ளும் என்று அம்மணி சொன்னாள். சொல்லும்போது என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

குளத்துக் கரைமேல் நடப்பது சுகமாக இருந்தது. ஐப்பசி மழையில் பாதிக் குளம் நிறைந்திருந்தது. நாமக்கோழிகள் கறுப்புக் கறுப்பாகத் தண்ணீரில் கிடந்தன. முக்குளிப்பான் ஒன்று இங்கே மூழ்கி எங்கேயோ எழுந்தது. ரிட்டயரான மில் சூப்பர்வைசர் ஒருவர் என் பக்கத்திலேயே வந்தார். மனிதருக்கு என் வயதுதான் இருக்கும், ஒருவேளை கூடவும் இருக்கலாம். தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு என்னை வாய்க்கு வாய் அக்கா என்றார்.

"ஏனுங்க்கா, மெதுவா போலாமுங்களா?"

"உங்களுக்கு மூச்சு வாங்குதுன்னா சொல்லுங்க, நிக்கறேன்."

முன்னால் போன பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பீளமேட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள், என்னைப் போல அன்றைக்குத்தான் முதல்முறை வந்திருந்தாள். அதிகம் பேசவில்லை. அடிக்கடி போனை எடுத்துப் பார்ப்பதும் பைக்குள் போடுவதுமாக இருந்தாள்.

கரை முடிகிற மேட்டில் உசில் மரத்தடியில் கன்னிமார். ஏழு கல், ஏழுக்கும் மஞ்சள் பூசியிருந்தது. கன்னிமாரைக் காலணியோடு தாண்டிப் போகிற பழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. எல்லோரும் கழற்றினார்கள். நான் மட்டும் கழற்றாமல் எப்படி நிற்பது? மருமகள் போட்ட முடிச்சு விரலுக்கு மசியவில்லை. வளையலில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்துக் குத்திக் குத்தி நெகிழ்த்தி அவிழ்த்தேன். சாமி கும்பிட்டேன். திருநீறு வைத்துக்கொண்டேன்.

மற்றவர்கள் இரண்டு இழுப்பில் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். நான் மரத்தின் வேர்மேல் உட்கார்ந்து நாடாவைப் பிடித்துப் பார்த்தேன். ஒரு முடிச்சுப் போட வந்தது. அதற்கு மேல் முயல் காது மாதிரி இரண்டு பக்கமும் நிற்குமே, அது வரவில்லை. மாட்டுக்குப் போடும் முடிச்சைப் போட்டேன். எழுந்து ஓரடி வைத்ததும் நழுவிக்கொண்டது. அம்மணி விசில் ஊதினாள். யாரையாவது கூப்பிட்டுக் கட்டிவிடச் சொல்லலாம். சொன்னால் அம்மணி என்ன நினைப்பாள்? ஷூப் போடத் தெரியாத கிழவியைக் காட்டுக்குள் எதற்குக் கூட்டிப் போவது என்று நினைப்பாள். மாடிப்படியில் மகனிடம் சொல்லுவாள். அப்புறம் எனக்குத் தண்ணீர்த் தொட்டிதான்.

இரண்டு ஷூவையும் நாடாவைச் சேர்த்து முடிந்து தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலில் நடந்தேன்.

சூப்பர்வைசர் என் காலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வேண்டுதலுங்களா அக்கா? கோயில் வரைக்குமுங்களா?" என்றார்.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தலை தானாக ஆடியது. வேண்டுதல் என்று தெரிந்தால் என்ன வேண்டுதல் என்று யாரும் கேட்க மாட்டார்கள். நிறைவேறும் வரைக்கும் சொல்லவும் கூடாது. அதுவரைக்கும் நல்லதாகப் போயிற்று என்று நடந்தேன்.

கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், சூப்பர்வைசர் இரண்டு ஷூவையும் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலில் வருகிறார். அவருக்குப் பின்னால் அந்தப் பெண். அதற்கும் பின்னால் நான்கைந்து பேர். விசில் அம்மணியும் சாக்ஸைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எதுக்குங்க கழட்டினீங்க?" என்றேன்.

"வயசான நீங்க சாமிக்காக வெறுங்கால்ல நடக்கறீங்க. நாங்க ஷூப் போட்டுட்டு பின்னால வந்தா நல்லாவா இருக்கும்?" என்றார் அவர்.

பாதை கொறங்காட்டுக்குள் இறங்கியது. மேய்ச்சல் நிலத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், கீழே புல். பார்க்க அழகான இடம். மர நிழல் சல்லடையாக விழுந்தது, செம்மறிகள் தலையைக் கூட நிமிர்த்தவில்லை. ஆனால் வெள்வேலமுள் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். புல்லுக்குள் நெருஞ்சி வேறு. என் பாதம் ஒருவிதமாகத் தாங்கியது. நகரத்துப் பாதங்கள் என்ன செய்யும்? பின்னால் ஸ்ஸ், ஆ, அய்யோ என்று வரிசையாகக் கேட்டது. ஒருவரும் ஷூவை எடுத்துப் போடவில்லை.

அந்தப் பெண் கீழே உட்கார்ந்துவிட்டாள். குதிகாலில் வேலமுள் ஏறி ஒடிந்திருந்தது. நான் அவள் காலை மடியில் வைத்து ஊக்கால் கீறி எடுத்தேன். பொட்டு ரத்தம் வந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "பரவால்லைங்க, பரவால்லைங்க" என்றாள். அந்தப் பரவாயில்லை என்னால் தாங்க முடியவில்லை.

"கண்ணு, ஷூவைப் போட்டுக்கோ. எனக்கு வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கு நாடா கட்டத் தெரியாது."

எல்லோரும் அப்படியே நின்றார்கள். சூப்பர்வைசர்தான் முதலில் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நெருஞ்சிமேல் நிற்பதை மறந்து சிரித்தார். அப்புறம் சட்டென்று நிறுத்தினார்.

"ஏனுங்க்கா, அப்ப நான் என்னுங்க பண்றது? நான் நெசமாவே ஒண்ணை வேண்டிப்போட்டேனே. கோயில் வரைக்கும் வெறுங்கால்ல வாரேன்னு கன்னிமார்கிட்டச் சொல்லிப்போட்டேன்."

"நானும்தாங்க" என்றாள் அந்தப் பெண், குதிகாலைத் தடவிக்கொண்டே.

விசில் அம்மணியும் ஆமாம் என்பதுபோலத் தலையை மட்டும் அசைத்தாள். மற்றவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கு என்ன குறையோ, யார் கண்டார்கள்? யாரும் யாரையும் கேட்கவில்லை.

"உங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லீங்களே. குடுங்க, நான் கட்டிவிடறேன், நீங்க போட்டுக்குங்க" என்று அந்தப் பெண் என் ஷூவுக்குக் கையை நீட்டினாள்.

நல்ல நியாயம்! என்னைப் பார்த்துக் கழற்றியவர்கள் எல்லாம் முள்ளில் நடக்க, நான் ஒருத்தி ரப்பர் அடியோடு முன்னால் போவதா? ஷூவை அவளிடம் கொடுக்கவில்லை. குளத்துப் பக்கம் திரும்பி நின்று, கன்னிமார் இருக்கும் திக்கைப் பார்த்து, நானும் ஒன்று வேண்டிக்கொண்டேன்.

"இப்ப எனக்கும் ஆச்சு. நடங்க."

அதற்குப் பிறகு மெதுவாகத்தான் போனோம். நான் முன்னால் போய், முள் இல்லாத ஆட்டுத்தடமாகப் பார்த்துக் காலை வைத்தேன். என் கால் பட்ட இடத்தில் அவர்கள் கால் வைத்தார்கள். கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு புலிகுத்திக்கல் வந்தது. ஒரு ஆள் புலியின் வாய்க்குள் ஈட்டியைப் பாய்ச்சுகிறான். அந்தக் காலத்து ஆட்டுப்பட்டியைக் காக்கப் போய்ச் செத்தவன் என்று அம்மணி படித்துவிட்டு வந்து சொன்னாள். சூப்பர்வைசர் குனிந்து பார்த்தார்.

"பாருங்க்கா, இவனும் வெறுங்கால்தான்."

"அவனை யாருங்க வேண்டச் சொன்னா?" என்றேன். அன்றைக்கு அம்மணி சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

கோயில் மதில் நிழலில் வேன் நின்றிருந்தது. சாமி கும்பிட்டு வெளியே வந்து கால் கழுவியதும் அந்தப் பெண் என் முன்னால் உட்கார்ந்து நாடாவைக் கட்டிவிட்டாள். அவள் போன் அடித்தது. எழுந்து போய் மரத்தடியில் பேசிவிட்டு வந்தாள். முகம் நல்லபடியாகத்தான் இருந்தது. நான் கேட்கவில்லை.

வீட்டு வாசலில் மருமகள் குனிந்து என் ஷூவைப் பார்த்தாள்.

"அத்தை, இது நான் போட்ட முடிச்சு இல்லீங்களே."

மகன் டிவியிலிருந்து திரும்பினான். அவள் ஷூவைக் கழற்றினாள். என் பாதத்தில் நெருஞ்சி தைத்த இடமெல்லாம் சிவப்புச் சிவப்பாக இருந்தது. நடந்ததைச் சொன்னேன். மறைக்க இனி என்ன இருக்கிறது? அவள் உப்புப் போட்ட வெந்நீர் கொண்டு வந்து காலை அதில் வைத்தாள்.

"வலிக்குதா?" என்றான் மகன்.

"இல்ல."

வலித்தது.

"என்னுங்க அத்தை வேண்டினீங்க?" என்றாள் மருமகள்.

"நிறைவேறட்டும், சொல்றேன்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்து, "அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள அத்தைக்கு நாடா கட்டப் பழக்கிப்போடறேங்க" என்றாள். அவன் டிவி பக்கம் திரும்பிக்கொண்டான். எங்கள் வீட்டில் அதற்குச் சரி என்று அர்த்தம்.

வேண்டினது நிறைவேறிவிட்டது, அதனால் எழுதலாம். அடுத்த ஞாயிறும் நடக்க வேண்டும் என்பதுதான். இப்போது ஞாயிறுதோறும் போகிறேன். நாடாவே இல்லாமல் ஒட்டுப்பட்டை வைத்த ஷூ வாங்கித் தருகிறேன் என்றான் மகன். பால்வாடிப் பிள்ளையா நான், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு முயல் காதும் ஒரே அளவில் வரும் வரைக்கும் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுகிறேன். அம்மணி விசில் ஊதுகிறாள். ஊதட்டும்.