இஸ்டோர் வாசலில் பெரியாயி

சாகாமல் பிழைத்ததால்தான் பெரியாயிக்கு அந்த வேலை வந்து சேர்ந்தது.

1918 ஐப்பசியில் இலங்கையின் நமுனுகுல மலைச் சரிவிலிருந்த கல்லாத்துத் தேயிலைத் தோட்டத்துக்குள் விஷக்காய்ச்சல் நுழைந்தது. பதுளைக்குப் போய்வந்த வண்டிக்காரர்கள் கொண்டுவந்ததாகப் பேச்சு. மூன்று வாரத்தில் பத்தொன்பது பேரைப் புதைத்தார்கள். பெரியாயியின் புருஷன் மாரிசாமி அதில் நாலாவது ஆள். அவனுக்கு முன்னாலேயே படுத்தவள் அவள். நினைவு தெளிந்து கண் விழித்தபோது பக்கத்துப் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. லயம் என்ற வரிசை வீட்டில் பக்கத்து அறையான காம்பராவில் குடியிருந்த வடிவம்மாதான் அத்தனை நாளும் கஞ்சி காய்ச்சி ஊற்றியவள். புருஷனை ஏற்கெனவே பறிகொடுத்து இரண்டு பிள்ளைகளோடு இருந்த அவள், ஊரே ஒதுங்கிப் போன நேரத்தில் ஒதுங்காமல் வந்தாள்.

இஸ்டோர் என்று எல்லோரும் சொல்லும் தேயிலை ஆலை பதினெட்டு நாள் மூடிக் கிடந்தது. மறுபடி திறப்பதற்கு முன் பதுளையிலிருந்து அரசாங்க டாக்டர் குதிரையில் வந்து பார்த்தார். காய்ச்சல்காரர் ஒருவரும் உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது, தூள் சலிக்கும் அறையில் நெருக்கி உட்காரக் கூடாது, ஜன்னல்கள் திறந்தே இருக்க வேண்டும் என்று தோட்டத்துத் துரையிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். துரை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வாசலில் நின்று யார் பார்ப்பது என்பதுதான் பாக்கி.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஜெயராசா யாழ்ப்பாணத்துக்காரர். காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாய் அவரிடம் ஒன்றே ஒன்று இருந்தது. லயம் லயமாக நடந்து அதை வைத்துப் பார்க்கவே அவருக்குப் பொழுது போதவில்லை. அவர் பெரியாயியைக் கூப்பிட்டனுப்பினார்.

"நீ ஒருக்கா படுத்து எழும்பினனி. உனக்கு இனி லேசில வராது. விடிய வாசல்ல நிண்டு ஒவ்வொருத்தரையும் தொட்டுப் பார். சுட்டால் திருப்பி அனுப்பு."

"எனக்கு வேணாங்கய்யா. நான் தூள்ல காம்பு பொறுக்குறவ. உள்ளயே உக்காந்துக்கிறேன்."

"உன்னை நான் கேக்கேல்ல, பெரியாயி. துரைக்குப் பேர் குடுத்தாச்சு."

அவள் திரும்பி நடந்தாள். மறுத்தால் போவதற்கு அவளுக்கு வேறு இடம் கிடையாது. துறையூருக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு ஊர் என்பதைத் தவிரத் தன் சொந்த ஊரைப் பற்றிக்கூட அவளுக்கு ஒன்றும் தெரியாது.

முதல் நாள் விடியலில் ஆறு பேரைத் திருப்பி அனுப்பினாள். திரும்பிப் போனவர்களுக்கு அன்றைக்குக் கூலிக் கணக்கில் பேர் விழாது. பேர் விழாவிட்டால் வாரக் கடைசியில் அரிசி குறையும். இது அவளுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஒருத்தி அவள் காலடியில் துப்பிவிட்டுப் போனாள். மூன்றாம் நாளே 'எமன் கை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்கு அவள் குடத்தோடு போனால் மற்றவர்கள் பாதிக் குடத்தோடு நகர்ந்தார்கள்.

இரண்டாவது வாரத்தில் எல்லார் நெற்றியும் சில்லென்று இருந்தது. பெரியாயிக்குச் சந்தேகம் தட்டியது. ஒருநாள் விடியுமுன்னே பீலிப் பக்கம் போய்ப் பார்த்தாள். பீலித் தண்ணீரில் முகத்தைக் கழுவிக் கழுவி, ஈரத் துணியை நெற்றியில் ஒற்றிக்கொண்டு வரிசையில் சேர்ந்துகொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து அவள் பிடரியைத் தொட்டாள். பிடரி பொய் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டும் ஒன்பது பேர் திரும்பிப் போனார்கள்.

அந்த வாரக் கடைசியில் வடிவம்மா வரிசையில் வந்தாள். பெரியாயி பிடரியில் கை வைத்தாள். அடுப்பங்கல்லைத் தொட்டதுபோல் இருந்தது. வடிவம்மா கெஞ்சவில்லை. வாசற்படியையே பார்த்துக்கொண்டு நின்றாள். முந்தின வாரமும் அவளுக்கு இரண்டு நாள் பேர் விழவில்லை. முந்தைய இரவு சுவருக்கு அந்தப் பக்கம் சின்னப் பிள்ளை பசியில் அழுதது பெரியாயி காதிலும் விழுந்திருந்தது.

பின்னால் வரிசை நெருக்கியது.

"உள்ள போ" என்றாள் பெரியாயி.

அன்றைக்கு மலையை மூடிக்கொண்டு பனிமூட்டம் இறங்கியது. ஈரக் காற்றுப் பட்டால் சலித்த தூள் நமுத்துப் போகும் என்று இஸ்டோரை நடத்தும் டீமேக்கர் ராமாமிர்தம் ஜன்னல்களையெல்லாம் இழுத்துச் சாத்தச் சொன்னார். தேயிலைப் பெட்டிகள் பண்டாரவளை ரயிலுக்குப் போக வண்டிகள் காத்து நின்றன.

"டாக்டரய்யா தொறந்து வைக்கச் சொன்னாருங்களே" என்றாள் பெரியாயி.

"டாக்டரா வந்து தூளுக்குப் பதில் சொல்லப் போறாரு? நீ வாசலப் பாரு."

கதவும் சாத்தப்பட்டது. தூசி மண்டிய அந்த அறைக்குள்ளிருந்து வடிவம்மாவின் இருமல் கேட்டுக்கொண்டே இருந்தது. பெரியாயி வெளியே நின்றாள். கதவைத் திறந்து அவளை இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம். அப்படி இழுத்து வந்தால், காலையில் ஏன் விட்டாய் என்று கேட்பார்கள். கேட்டால் இரண்டு பேர் துணிப்பெட்டியும் லயத்துக்கு வெளியே போகும். சாயங்காலம் வரை அவள் அசையவில்லை.

வடிவம்மா மறுநாள் படுத்தாள். அதற்கு மறுநாள் அதே அறையில் இருந்த மூன்று பேர் படுத்தார்கள். வடிவம்மாவும் இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள். புஷ்பம் எழவில்லை. ஆவணியில்தான் கல்யாணமான பெண். வடிவேலின் பெண்சாதி. வடிவேல் இஸ்டோரில் கொழுந்து அரைக்கும் மெஷினுக்குக் கூடை தூக்குகிறவன்.

புதைத்துவிட்டு வந்த அன்று பெரியாயி நேரே மருந்து அறைக்குப் போனாள்.

"அய்யா, வடிவம்மாளுக்குச் சுட்டுச்சுங்க. தெரிஞ்சேதான் உள்ள விட்டேன்."

ஜெயராசா மருந்துப் போத்தலைக் கீழே வைத்தார். கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை வேற ஆருக்கும் சொன்னனியே?"

"இல்லீங்க."

"சொல்லாத. சொன்னால் உன்னையும் துரத்துவினம், அவளையும் பிள்ளையளோட துரத்துவினம். செத்த பிள்ளை திரும்பி வராது."

"அப்ப வேற ஆள வைங்கய்யா. என்னால இனிமே முடியாது."

"வேற ஆளில்லை. இருந்த ஆக்களிலயும் உன்ர கைக்குத்தான் சூடு தெரியும்."

அவள் கதவு வரை போய்த் திரும்பினாள். பிறகு, "திருப்பி அனுப்புறவங்களுக்குப் பட்டினியா இருந்தா யாருதாங்க காச்சல ஒத்துக்குவாங்க? மறைக்கத்தான் செய்வாங்க. நானுந்தான் விடுவேன்" என்றாள்.

மறுநாள் ஜெயராசா துரையின் பங்களாவுக்கு ஏறிப் போனார். இன்னொரு சாவு விழுந்தால் அரசாங்க டாக்டர் வந்து இஸ்டோரை மறுபடி மூடிவிடுவார் என்று மட்டும் சொன்னாராம். அந்தப் பேச்சு துரைக்குப் புரிந்தது. வாசலில் திரும்பிப் போகிறவர்களுக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி, என்று உத்தரவு வந்தது. வெயில் அடிக்கும் நேரத்தில் காம்பு பொறுக்கும் வேலையை வெளியே விறாந்தைத் திண்ணையில் வைத்துக்கொள்ளவும் ராமாமிர்தம் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

அதன்பிறகு யாரும் முகம் கழுவிக்கொண்டு வரவில்லை. "எனக்குச் சுடுது, பாரு" என்று தாங்களே சொன்னார்கள். ஒன்றிரண்டு பேர் அரைப் பேருக்கு ஆசைப்பட்டு, பிடரியை அடுப்பில் காட்டிச் சூடேற்றிக்கொண்டு வந்தார்கள். அவர்களைப் பெரியாயி கொஞ்ச நேரம் காற்றில் நிறுத்திவைத்து மறுபடி தொட்டுப் பார்த்து உள்ளே தள்ளினாள். வரிசையில் சிரிப்புகூடக் கேட்டது. பீலியில் அவளுக்கு இடம் விட்டார்கள்.

அவளுக்குத்தான் மூச்சு முட்டியது. ஒவ்வொரு விடியலிலும் வடிவேல் வந்து அவள் முன்னால் தலையைக் குனிந்தான். ஒவ்வொரு விடியலிலும் அவன் பிடரியில் அவள் கை வைக்க வேண்டியிருந்தது.

ஒருநாள் அவன் நகராமல் நின்றான்.

"அத்தே, ஒங்கள நான் ரொம்பத் திட்டியிருக்கேன். நீங்க மட்டும் இங்க இல்லாட்டி இன்னும் எத்தன பேரு போயிருப்பாங்களோ."

பெரியாயி எல்லாவற்றையும் சொல்லிவிட வாயைத் திறந்தாள். அவனுக்கு நாலு ஆள் பின்னால் வடிவம்மா நின்றிருந்தாள். தன் பிள்ளை போர்த்தும் கிழிந்த கம்பளியை மேலே போர்த்தியிருந்தாள்.

"உள்ள போப்பா. நேரமாச்சு" என்றாள் பெரியாயி.

அன்று சாயங்காலம் வடிவம்மா அவள் காம்பராவுக்கு வந்து வாசலிலேயே உட்கார்ந்தாள்.

"அக்கா, அன்னைக்குப் புஷ்பம் என் பக்கத்துலதான் உக்காந்திருந்தா. நான் இருமுறேன்னு தண்ணி மோந்து குடுத்தா."

"தெரியும்."

"வடிவேலுகிட்டச் சொல்லிரட்டுமா?"

"சொன்னா ஒனக்கு மனசு ஆறும். புள்ளைங்கள எங்க கொண்டுபோயி வைப்ப?"

வடிவம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அடுத்தடுத்த காம்பராவில் இருந்துகொண்டு, ஒரே சுவரில் தலை சாய்த்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் அதைச் சுமந்தார்கள்.

தை பிறந்ததும் வடிவேல் தோட்டத்தை விட்டுப் போகச் சீட்டு வாங்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டான். லயத்தில் ஒவ்வொரு காம்பராவாகச் சொல்லிக்கொண்டு வந்தவன் பெரியாயி காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவள் அவனைத் தூக்கி நிறுத்தினாள். வழியில் தின்ன ரொட்டி கட்டிக் கொடுத்தாள். பண்டாரவளைக்கு நடந்தே போனான். அவன் திரும்பி வரவில்லை, அவனைப் பற்றி ஒரு சேதியும் வரவில்லை.

மாசி நடுவில் வாசல் சோதனையை நிறுத்தலாம் என்று பதுளையிலிருந்து கடிதம் வந்தது. டீமேக்கர் அவளை உள்ளே வந்து உட்காரச் சொன்னார். அவள் மாட்டேன் என்றாள். கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறேன் என்று கங்காணியிடம் போய் நின்றாள்.

"நாப்பத்தஞ்சு வயசுல அட்டைக் கடியிலயும் மழையிலயும் ஏறப் போறியா? நெழல்ல உக்காந்து செய்ற வேலய விட்டுட்டு?" என்று கங்காணி சிரித்தார்.

"அங்க மூச்சு முட்டுதுங்க" என்றாள்.

அதை எல்லோரும் தூசியைச் சொல்கிறாள் என்றே எடுத்துக்கொண்டார்கள். அடுத்த பதினோரு வருஷம் அவள் மலையில்தான் கொழுந்து பறித்தாள். கொழுந்து நிறுக்க இஸ்டோர் முற்றம் வரைக்கும் வருவாள், வாசற்படி ஏறமாட்டாள். முட்டி வீங்கி மலையேற முடியாமல் போனபிறகு வடிவம்மாவின் பிள்ளைகள்தான் அவளுக்குச் சோறு போட்டார்கள். தங்கள் அம்மாவுக்கும் அவளுக்கும் நடுவே என்ன இருந்தது என்று அந்தப் பிள்ளைகளுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.