டேப்பு அக்கா வீட்டுக்குப் போன வயர்கள்

அளவு டேப்பு கழுத்தில் தொங்காமல் அவரைத் தெரு பார்த்தது ஒரே ஒரு நாள்தான். அது அவரை வாசலில் கிடத்தியிருந்த நாள். அதுவரை அவர் டேப்பு அக்கா.

பள்ளிச் சீருடை தைத்துப் பிழைத்தார். காலால் மிதிக்கும் தையல் மிஷினுக்குக் கரண்ட் இருந்தாலும் போனாலும் ஒன்றுதான். உள்ளறையில் கிடந்த வீட்டுக்காரருக்கு அப்படியில்லை. லாரி ஓட்டியே நுரையீரலைத் தொலைத்துவிட்டு வந்த மனிதர். கட்டிலருகே ஆக்சிஜன் மிஷின் உறுமிக்கொண்டிருக்கும். அது நின்றால் அவர் உதடு நீலமாகிவிடும்.

கரண்டோ நினைத்தபோதெல்லாம் போகும். அக்கா வாசலில் நின்று ஒரு குரல் கொடுப்பார். பூட்டு ரிப்பேர் செய்யும் எதிர்வீட்டுப் பூட்டுக்காரர் தன் இன்வெர்ட்டரிலிருந்து வயரை நீட்டுவார். அது தீர்ந்தால் ஜெராக்ஸ் கடைக்காரர். வண்டி நிறுத்தும் தகராறில் இருவருக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. "அந்தாளு பாட்டரி படுத்துருச்சுன்னா சொல்லச் சொல்லுக்கா" என்று அக்கா வழியாகத்தான் தூது. போகப்போக வயர்களைச் சுருட்டி வைக்கவே யாருக்கும் தோன்றவில்லை. மதிலுக்கு மதில் தொங்கின. அவற்றில் துணியும் காய்ந்தது.

அந்தச் சமயத்தில் மாநிலத்தில் ஒரு சட்டம் வந்தது. ஒரு தெருவே சேர்ந்து சோலார் பலகையும் பெரிய பாட்டரியும் வைத்து மின்சாரத்தைப் பகிர்ந்துகொண்டால், செலவு அரசாங்கத்துடையது. அக்கா முதல் ஆளாக மனுப் போட்டார். விசாரிக்க ஓர் அதிகாரி காரில் வந்து இறங்கினார்.

"நீங்கல்லாம் ஒரு சமூகம்னு எப்படி நம்பறது?"

"நல்லா சண்டை போட்டுக்குவோம் சார்" என்றார் பூட்டுக்காரர்.

"அது பத்தாது. ஏற்கெனவே மின்சாரத்தைப் பகிர்ந்த அனுபவம் இருக்கணும். சட்டத்துல இருக்கு."

அக்காவுக்கு வாயெல்லாம் பல். மதில்மேல் கையை நீட்டிக் காட்டினார். அதிகாரியின் முகம் வெளுத்தது.

"இதுக்கு யார் அனுமதி கொடுத்தா?"

"கரண்ட் மட்டும் அனுமதி கேட்டுட்டா சார் போகுது?"

"அனுமதியில்லாம பகிர்ந்தா பணம் கிடையாதும்மா. அபராதம் வேற. எல்லாத்தையும் கழட்டுங்க."

"கழட்டிட்டா பணம் வருமா?"

அதிகாரி சட்டத்தை இரண்டு தடவை புரட்டினார். "கழட்டிட்டா பகிர்ந்த அனுபவம் இல்லைன்னு ஆயிரும். அப்பவும் வராது."

உள்ளறையிலிருந்து வீட்டுக்காரர் குரல் விட்டு விட்டு வந்தது. "சார்... நான் எந்தப் பிரிவுல... மூச்சு விடணும்?"

பதில் வருவதற்குள் கரண்ட் போயிற்று.

காலையிலேயே ஒரு தடவை போயிருந்ததால் பூட்டுக்காரர் பாட்டரியும் தீர்ந்திருந்தது, ஜெராக்ஸ் பாட்டரியும் தீர்ந்திருந்தது. அக்கா குரல் கொடுத்தார். தெருவுக்குக் கை ஓடியது, யோசனை ஓடவில்லை. கண்மூடித் திறப்பதற்குள் பூட்டுக்காரர் சாவியில்லாமலேயே காரைத் திறந்து, அதன் பாட்டரியில் தன் இன்வெர்ட்டரை மாட்டிவிட்டார்.

"யோவ், அது என் கார்!"

"உங்க கார்தான் சார். ஏறி ஸ்டார்ட் பண்ணுங்க, இல்லன்னா இதுவும் படுத்துரும்."

அதிகாரி ஏறினார். எஞ்சின் முனகியது. அக்கா ஒரு கண்ணை உள்ளறையிலும் ஒரு கண்ணைக் காரிலும் வைத்துக்கொண்டு கத்தினார். "விட்டு விட்டு மிதிக்காதீங்க தம்பி! ஒரே சீரா மிதிங்க!"

சார் எப்போது தம்பியானார் என்று யாரும் கவனிக்கவில்லை. தம்பியும் சீராக மிதித்தார்.

கரண்ட் வந்தபோது அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"அபராதம் எவ்வளவு சார்?" என்றார் பூட்டுக்காரர்.

"போட்டா முதல்ல எனக்குத்தான் போடணும். விடுங்க."

"அப்ப பணம் வந்துரும்ல?" என்றார் அக்கா.

"நான் கையெழுத்துப் போட முடியாதும்மா. கரண்ட்டைப் பகிர்ந்துட்டேன்ல, இப்ப நானும் உங்க சமூகத்துல ஒருத்தன். பயன்ல பங்கு இருக்கறவங்க கையெழுத்துப் போடக்கூடாது. வேற அதிகாரி வந்து பாப்பாரு."

அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார். உதட்டில் நிறம் திரும்பியிருந்தது.

"வர்றவரு காருல வருவாரா, பைக்குல வருவாரா?"

"காருலதான்."

"கொஞ்சம் பெரிய காரா எடுத்துட்டு வரச் சொல்லுங்க தம்பி."