அட்டைக்குக் கீழே இருந்த குவைத்

ஈராக்கில் ஆட்சி கவிழ்ந்த மறு வருடம் நான் குவைத்தில் ஒரு ஃப்ரேம் கடையில் வேலை பார்த்தேன். முதலாளி எங்கள் மாவட்டத்துக் கடற்கரை ஊர்க்காரர். பாய் என்றுதான் கூப்பிடுவேன்.

ஒரு குவைத்துக்காரர் பழைய வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்தார். துருக்கி சுல்தான்கள் ஆண்ட காலத்துப் பஸ்ரா மாகாணம். இன்றைய தென் ஈராக்கும் குவைத்தும் அதில் ஒரே பச்சை, நடுவில் கோடு கிடையாது. அவருடைய அம்மா பஸ்ராவில் பிறந்தவர். படம் அந்த அம்மாவின் அப்பாவுடையது. கண்ணாடி போட்டு அம்மாவின் அறையில் மாட்ட வேண்டும், ஆனால் குவைத் தெரியக் கூடாது என்றார்.

அவர் போனதும் பாய் விளக்கினார். “குவைத் எங்க மாகாணம்னு சொல்லித்தானே தொண்ணூறுல ஈராக்காரனுவ படையோட உள்ள வந்தானுவ. அப்பப் புடிச்சிட்டுப் போனதுல இவரு தம்பியும் ஒருத்தரு. இன்னும் எலும்புகூடக் கிடைக்கல. நீ பாட்டுக்கு வெட்டிராத. மவுண்ட் அட்டைய வச்சு மறைச்சிரு.”

படத்தைச் சுற்றி வரும் அந்த அட்டையைக் குவைத் பக்கம் மட்டும் அகலமாக விட்டு, அப்படியே செய்தேன்.

வாங்க வந்த அன்று அம்மாவையும் கூட்டி வந்திருந்தார். அம்மாவின் விரல் பஸ்ராவில் தொடங்கி, ஆற்றோடு இறங்கி, அட்டையின் ஓரத்தில் நின்றது. கல்யாணமாகிப் படகில் வந்த வழி அது என்று மகனிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, “குவைத் மாஃபி?” என்றார். குவைத் இல்லையா என்று கேட்கிறார்.

மகன் முந்திக்கொண்டு, அந்தப் பக்கம் கிழிந்துபோயிற்று என்றார். அம்மா தலையாட்டினார். விரலை மட்டும் எடுக்கவில்லை.

கடையில் நான் வாயே திறக்காதவன். அன்று ஏனோ, “இருக்கு அம்மா, அட்டைக்குக் கீழே” என்று எனக்குத் தெரிந்த அரபியில் சொல்லிவிட்டேன்.

“திற” என்றார் அம்மா.

மகனைப் பார்த்தேன். அவர் அம்மாவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பக்க ஆணிகளைப் பிடுங்கி அட்டையை எடுத்தேன். விரல் கடல் வழியாகக் குவைத்துக்கு வந்து சேர்ந்தது. இங்கேதான் இறங்கினேன், ஒரே மயக்கம் என்று அம்மா சிரித்தார். காணாமல் போன தம்பி அந்த அம்மாவுக்கும் பிள்ளைதான். மகன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அட்டை இல்லாமலே போட்டுக் கொடுத்தேன். படம் வெளியே தெரியாதபடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மகன் காருக்குப் போனார்.

“ஊமைன்னு நினைச்சேன். நல்ல நேரம் பார்த்து வாயத் தொறந்தடா” என்றார் பாய்.

இனி அந்த மனிதர் அம்மாவின் அறைக்குள் போகும்போதெல்லாம் அந்தப் பச்சையைப் பார்த்தாக வேண்டும். அவரிடம் மன்னிப்புக் கேட்க அரபியில் ஒரு வார்த்தை போதும், எனக்குத் தெரிந்த வார்த்தைதான். வெளியே போய், அம்மா ஏறக் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லவில்லை.