மச்சானின் வயிற்றுச் சூடு

வடதுருவக் கடலோர வேட்டைக்காரர் பாவ்லூசிக்கு ஐம்பத்திரண்டு வயது. கால்விரல் பத்தும் பத்திரமாக இருக்கின்றன. அதற்காக ஞாயிறுதோறும் கோயிலில் கர்த்தருக்கு நன்றி சொல்வார். மனைவி ஆலூக்கியின் அண்ணன் தூமாசிக்காகவும் மறக்காமல் ஜெபிப்பார்.

ஒரு குளிர்காலத்தில் இந்த மச்சான்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. யார் பெரிய வேட்டைக்காரன் என்று ஒரு விருந்தில் கிளம்பிய சண்டை. அப்போது ஒருநாள் காலை, தூமாசியின் பனிவண்டி உறுமும் சத்தம் கேட்டதும் பாவ்லூசி துள்ளி எழுந்தார்.

"இருங்க, காலுறை இன்னும் காயல. நேத்து வேர்த்தது அப்படியே இருக்கு," என்றாள் ஆலூக்கி.

"அது காயறதுக்குள்ள உங்கண்ணன் கடலையே காலி பண்ணிருவான். வீட்டுல துண்டு கறி இல்ல."

"கால் இல்லாத புருஷன் கொண்டு வர்ற கறி எனக்கு வேணாம்."

அவர் கேட்கவில்லை. உறைந்த கடலில், கடல்நாய் மூச்சுவிட வரும் துளையருகே மான்தோலை விரித்து அதன்மேல் நின்றார். கூப்பிடு தூரத்தில் வேறொரு துளையருகே தூமாசி. காலைத் தட்டிச் சூடேற்றவும் முடியாது. சிறு சத்தமும் அடியில் இருக்கும் கடல்நாய்க்குக் கேட்டுவிடும். ஈரக் காலுறைக்குள் பாதம் குத்தியது, எரிந்தது. அப்புறம் வலியே இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. விரல் போனால் இனி இப்படி நிற்பது எப்படி, வீட்டுக்குக் கறி ஏது? "ஆண்டவரே," என்று ஓரடி எடுத்து வைத்தார். விழுந்தார்.

அந்த நேரம் பார்த்துத் தூமாசியின் துளையில் தண்ணீர் குமிழியிட்டது. ஓங்கிய ஈட்டியைப் போட்டுவிட்டு அவர் ஓடி வந்தார். மச்சானின் காலணிகளையும் ஈரக் காலுறைகளையும் கழற்றி, தன் மேலாடையைத் தூக்கி, இரண்டு பாதங்களையும் வெறும் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். ஒரு கணம் மூச்சடைத்தது அவருக்கு.

"அய்யய்யோ! காலா மச்சான் இது, செத்த மீனா?"

"உன் கடல்நாய் போயிருச்சே..."

"போகட்டும். உன் விரல் போனா என் தங்கச்சி வாய்க்கு யாரு பதில் சொல்றது? ஆட்டு விரலை."

ஊசி ஊசியாக வலி திரும்பியது. "வலிக்குதுடா!" என்று பாவ்லூசி அழுதார்.

"ஸ்தோத்திரம்! நல்லா வலிக்கட்டும்," என்று சிரித்த தூமாசி, பையிலிருந்த தன் மாற்றுக் காலுறையை அவருக்கு மாட்டிவிட்டார்.

அன்று இரண்டு வீட்டிலும் தேநீரும் ரொட்டியும்தான். ஜெபம் மட்டும் நீளமாக இருந்தது.

இன்றும் வேட்டைக்குக் கிளம்புமுன் தூமாசி வாசலில் வந்து குரல் கொடுப்பார்: "காலுறை காஞ்சுதா மச்சான்?" காயவில்லை என்றால் உள்ளே வந்து உட்கார்ந்து, காயும் வரை தேநீர் குடிப்பார்.