கதவைத் திறக்கச் சொன்னோம்

நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் மில் வாசல் கதவைக் கால் மணி நேரம் திறந்துவிட வேண்டும். கைப்பிள்ளைக்காரிகள் வெளியே வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவோம். இதைச் சொல்ல எத்தனை மூச்சு வேண்டும்? ஆண்கள் ஒரு மாதம் கொடி பிடித்தார்கள், கோஷம் போட்டார்கள், இது மட்டும் போய்ச் சேரவே இல்லை. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உசிலம்பட்டிப் பக்கம் மழை பொய்த்துப் போய் மதுரைக்குப் பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. வீட்டுக்காரர் சிம்மக்கல் கடைகளில் மூட்டை தூக்கினார். அண்ணனுக்கு மில்லில் நூல் நூற்கும் பகுதியில் வேலை. நான் ரீலிங்கில், அதாவது நூலைச் சிட்டமாகச் சுற்றும் பகுதியில் இருந்தேன். அங்கே முழுக்கப் பெண்கள்தான். என் மகள் அப்போது ஆறு மாதக் குழந்தை. எதிர்வீட்டு மதினி அவளை வேளை தவறாமல் மில் வாசலுக்குத் தூக்கி வருவாள்.

புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். வேலை நேரத்தில் யாரும் வெளியே போகக்கூடாது என்று கதவைப் பூட்டச் சொல்லிவிட்டார். பத்து மணியானால் கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் வீறிடும். இந்தப் பக்கம் எங்களுக்கு மார்பு கட்டிச் சேலை நனையும். நூலில் பால் கறை பட்டுவிட்டது என்று அபராதம் வேறு! ஒருநாள் பொறுக்க முடியாமல், கைவேலையை அப்படியே போட்டுவிட்டு எல்லாரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

ரீலிங் நின்றதும் நூல் தேங்கியது. மறுநாள் ஆண்களும் வேலையை விட்டு இறங்கினார்கள். அவர்களுக்கும் குறை இருந்தது. முதலாளி வீட்டில் மோட்டார் கார் மாறிக்கொண்டே இருக்க, இவர்களுடைய கூலியை மட்டும் மில்லில் குறைத்திருந்தார்கள். "அம்புட்டுப் பேரும் நம்ம பக்கம்டி!" என்று பைத்தியக்காரி போலக் குதித்தேன்.

தொழிலாளர் சங்கத்தார் வைகை மணலில் தினமும் கூட்டம் போட்டார்கள். ஒருவர் உலகத்து முதலாளிகளை எல்லாம் ஒழித்துக்கட்டினார். அடுத்தவர் வெள்ளைக்காரனைக் கப்பலேற்றினார். பேச வருகிறவருக்கு முதல் மாலையை எந்தத் தெருக்காரர்கள் போடுவது என்று ஒரு தகராறு. கோயிலில் முதல் மரியாதைக்கு மல்லுக்கட்டுகிற புத்தி மில்லுக்கு வந்தும் மாறவில்லை. ஒரு சாயங்காலம் முழுக்க அதிலேயே போயிற்று. மாலை வாடி உதிர்ந்தது, கூட்டம் கலைந்தது. நாங்கள் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். உண்மையைச் சொன்னால், வேலைநிறுத்தம் நடந்த நாள்களில்தான் என் மகள் வயிறாரக் குடித்தாள்.

மேனேஜரோடு பேச ஐந்து ஆண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் என் அண்ணனும் ஒருவன். எங்களில் ஒருத்தியையும் கூட்டிப்போகச் சொன்னேன்.

"பொம்பளைக போயி மேனேஜர் ரூமுல நிக்கிறதா? நல்லா இருக்கு போ. நான் இருக்கேன்ல தாயி, பேசிட்டு வாரேன்" என்றான்.

"என்னன்னு பேசுவ? எங்க, இப்பச் சொல்லிக் காட்டு."

அவன் நெளிந்தான்.

"பிள்ளைக்குப் பால் குடுக்கன்னு சொல்லுண்ணே."

"சீ! ஆம்பளைக கூடுற எடத்துல பேசுற பேச்சா இது?" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

நாலைந்து நாளில் சமரசம் ஆயிற்று. குறைத்த கூலியில் பாதியைத் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். கொட்டுமேளத்தோடு ஊர்வலம் வந்தது. அண்ணன் கழுத்து தெரியாத அளவுக்கு மாலை. கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போய், "கதவு என்னாச்சுண்ணே?" என்று கேட்டேன்.

"மேனேஜரு கேக்கத்தான் செஞ்சாரு, பொம்பளைகளுக்கு என்ன குறைன்னு. அஞ்சு பேரும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்தோம். அதை எப்படித் தாயி சொல்றது? பொறவு பேசிக்கிறலாம்ங்கய்யான்னுட்டு வந்துட்டோம்."

அடப் பாவிகளா! ஏகாதிபத்தியம் ஒழிக என்று ஊரே அதிரக் கத்தத் தெரிந்தவர்களுக்கு, தங்கள் வீட்டுப் பிள்ளை பசித்து அழுகிறது என்று சொல்ல வெட்கமாம். தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கதவு பூட்டியபடியே இருந்தது. மதினி கஞ்சித் தண்ணீரில் துணியை நனைத்துக் குழந்தையின் வாயில் வைத்தாள். எனக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கியபோது பாலும் வற்றிவிட்டது. அதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து ரீலிங் பெண்கள் மறுபடியும் வேலையை நிறுத்தி, பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்தோம். கொடியும் இல்லை, கோஷமும் இல்லை. "ஒப்பந்தம் போட்டாச்சு, கட்டுப்பாட்டைக் கெடுக்காதீக" என்று சங்கத்து ஆட்கள் வந்து அதட்டினார்கள். ஆண்கள் எங்களைப் பார்த்தும் பார்க்காதது போல மெஷினுக்குத் திரும்பினார்கள். மத்தியானம் மேனேஜரே இறங்கி வந்தார்.

"உங்களுக்கு என்னதாம்மா வேணும்?"

நான் எழுந்தேன். "பிள்ளைக்குப் பால் குடுக்கணும்ங்கய்யா. பத்து மணிக்கும் மூணு மணிக்கும் கதவைத் தொறந்து விடுங்க."

அவர் என்னையே பார்த்தார். "இவ்வளவுதானா? அன்னைக்கு வந்த அஞ்சு பேருக்கும் நாக்கு இல்லையா?" என்றார்.

அவரை நல்லவர் என்று சொல்லவரவில்லை. ரீலிங் நின்றால் மில்லே நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். எப்படியோ, அன்று மூன்று மணிக்குக் கதவு திறந்தது. எல்லாரும் ஓடினார்கள், நானும் ஓடினேன். மதினியிடமிருந்து குழந்தையை வாங்கி மார்பில் போட்டேன். இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் அண்ணன் சிரித்த முகமாக வந்தான். "செயிச்சிட்டோம் தாயி! நாளைக்குக் கூட்டத்துல இதைத்தான் மொதல்ல சொல்லப் போறோம்."

"அன்னைக்கு அந்த ரூமுல சொல்லியிருந்தா எம்பிள்ளை இன்னைக்கிப் பால் குடிச்சிருக்கும்ணே" என்று சொல்லிவிட்டு, கஞ்சி காய்ச்ச எழுந்து போனேன்.