அறைத்தோழனிடம் ஒளித்த குளிசைகள்

காசநோய் என்று தெரிந்தால் அறையை விட்டுத் துரத்துவார்கள் என்று பயந்து, குளிசைகளை விற்றமின் போத்தலில் ஒளித்து வைத்து விழுங்கினேன். மூன்றாம் மாதம், பலெர்மோவில் நான் வேலை செய்த மரக்கறிக் கடையில் சிவப்புத் தக்காளியும் பச்சைத் தக்காளியும் ஒரே சாம்பலாகத் தெரிந்தன.

கண் டாக்டரிடம் இத்தாலியனில் கதைக்க அறைத்தோழன் சிவம் வந்தான்.

"மருந்து ஏதும் எடுக்கிறியோ எண்டு கேக்கிறார்."

அவனுக்குப் பயந்து இல்லையென்றேன். கண்ணாடி கிடைத்தது, பார்வை இன்னும் மங்கியது.

அடுத்த முறை, சிவம் பக்கத்தில் நிற்கவே, போத்தலைக் கண் டாக்டரின் மேசையில் கொட்டினேன். அதில் ஒரு குளிசைதான் கண் நரம்பைக் கெடுத்ததாம். காசநோய் டாக்டருடன் பேசி அதை மாற்றினார்.

"கசநோயோடா? என்ரை கோப்பையிலை தேத்தண்ணி குடிச்சியே!" என்றான் சிவம்.

"ஓம். இனித் தொத்தாதாம். பயமெண்டால் சொல்லு, நான் போறன்."

பயம்தான் என்றான். போனேன். நிறங்கள் மெல்லத் திரும்பின. இப்போது எந்த டாக்டரிடமும் எல்லா மருந்தையும் காட்டுகிறேன். பக்கத்து ஊரான பகேரியாவின் புது அறையில் முதல் நாளே நோயின் பெயரைச் சொன்னேன். பிடிக்காதவர்கள் தாங்களே போகட்டும்.